ஐந்தாம் படிவத்துக்குப் பின்: சமூகக் கல்லூரி என்னும் மார்க்கம்

(காப்பாரில் நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரு கேள்வி. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு கைக்கு வந்த மறுநாள், பத்து ஏ வாங்கிய பிள்ளையின் வீட்டில் இனிப்பு வழங்கிக்கொண்டிருக்கும் அதே வேளையில், நான்கு பாடங்களில் சுமாராகத் தேறி, மூன்றில் ஒப்பேற்றி, இரண்டில் தவறிய பிள்ளையின் வீட்டில், அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தத்தம் மனத்துக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. இனி இவன் என்ன செய்வான்? இவள் எங்கே போவாள்? பத்து ஏ வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசப் பத்திரிகைகள் இருக்கின்றன. மாலை போடச் சங்கங்கள் இருக்கின்றன. கைகுலுக்கிப் படம் பிடித்துக்கொள்ளப் பிரமுகர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். ஆனால் மற்ற பிள்ளையைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? வகுப்பில் பெரும்பான்மையாக இருப்பது அந்தப் பிள்ளைதானே? ஆகவே இன்று அவனைப் பற்றியும் அவளைப் பற்றியும் மட்டுமே பேசுவது என்று நிச்சயித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையிடம் "சமூகக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடேன்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், வீட்டில் எழுகிற முதற்சொல் என்ன? "கோலேஜ் கொமுனிட்டியா? அங்கேயா?" என்பதுதான். "அங்கேயா" என்னும் அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு ஏமாற்றம், எவ்வளவு அச்சம், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்னும் எத்தனை சங்கடம் அடங்கியிருக்கிறது! அந்த வார்த்தையை நான் பரிகசிக்கப் போவதில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அந்தக் கல்லூரி எத்தகையது என்பதைப் பார்த்துவிடுவோம். பாராமலே ஒன்றை வேண்டாம் என்பது விவேகம் ஆகாதல்லவா?

நம் நாட்டில் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஒரு சமூகக் கல்லூரி வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் அமைச்சரவை முடிவு செய்தது. அடுத்த ஆண்டே, 2001-இல், பன்னிரண்டு கல்லூரிகள் முன்னோடியாகத் தொடங்கப்பெற்றன. இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்டு நாடெங்கும் பரவியிருக்கின்றன. நம் வாசலில் ஓடுகிற இதே காப்பார்ச் சாலையில் வடக்கே சென்றால், கோலா சிலாங்கூரைக் கடந்து சபாக் பெர்ணத்தில் ஒன்று இருக்கிறது. தெற்கே போனால் கோலா லங்காட்டில் ஒன்று இருக்கிறது. உயர்கல்வி அமைச்சின்கீழ் இயங்கும் அரசாங்கக் கல்லூரிகள் இவை. மின்சாரத் தொழில்நுட்பம், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, வாகனப் பராமரிப்பு, கணினி, சமையற்கலை, ரொட்டி அடுமனைக் கலை, தையலும் ஆடை வடிவமைப்பும், ஹோட்டல் நிர்வாகம், வியாபார நடைமுறை என்று வெவ்வேறு கல்லூரிகளில் வெவ்வேறு துறைகள் உண்டு. பெரும்பாலான சான்றிதழ்ப் படிப்புகள் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் ஒரு பகுதி கல்லூரிக்கு வெளியே, உண்மையான தொழிலகத்தில், உண்மையான வேலையில் கழியும். கட்டணமோ ஒரு பருவத்துக்குச் சில நூறு ரிங்கிட் அளவில் இருக்கிறது. சேர்வதற்குப் பல்கலைக்கழகம் கேட்பதுபோல் வரிசையாக ஏ கேட்பதில்லை. சுமாராகத் தேறிய பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது.

கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே அதை மட்டமாக நினைக்கிறோமே, இது என்ன நியாயம்? உலகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் 1901-ஆம் ஆண்டில் இத்தகைய கல்லூரி ஒன்று தோன்றிற்று. அது இன்றும் நடக்கிறது. அந்நாட்டில் எண்ணற்ற பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகளைச் சமூகக் கல்லூரியில் குறைந்த செலவில் படித்துவிட்டு, அதற்கப்புறம் பல்கலைக்கழகத்தில் நுழைகிறார்கள். அது அங்கே வழக்கமான ஒரு மார்க்கந்தான். தமிழ் மண்ணுக்கு வாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் சமூகக் கல்லூரியைத் தொடங்கி, இந்தியாவுக்கே வழிகாட்டிற்று. பல்கலைக்கழகமே முன்வந்து திறந்த கதவை, நாம் பின்வாசல் என்று சொல்லலாமா?

அன்பர்களே, இப்போது அந்தச் சரித்திரத்துக்கு வருகிறேன். "அங்கேயா" என்று நம் தாய்மார்கள் கேட்பது ஏன்? கைவேலை என்றால் நம்மவருக்கு ஏன் இத்தனை கசப்பு?

இந்தக் காப்பார் மண், இந்த ஜாலான் ஆக்கோப், இந்த வல்லம்புரோசா, அப்பால் மேரு, புக்கிட் ராஜா எல்லாம் ஒரு காலத்தில் கித்தாக் காடு. விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு வந்து நின்று, பேர் கூப்பிட்டதும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, கொசுவுக்கும் பனிக்கும் நடுவே மரம் மரமாய் நடந்தவர்கள் நம் பாட்டன்மார், பாட்டிமார். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட்டது? நாலெழுத்து வாசிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்ட பிள்ளை மறுபடியும் அதே மரத்தடியில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறுவதற்கு அங்கே படி இல்லை.

1941-ஆம் ஆண்டில் இந்தக் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு மகத்தான வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தாரும் முன்னின்று நடத்திய அந்தக் கிளர்ச்சியில் தொழிலாளிகள் கேட்டவை எவை என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்யாதே என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தக்க கல்வி கொடு என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல், ஏறியபடியே போக எங்களுக்கு உரிமை வேண்டும் என்றார்கள்! நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் மாண்டார்கள். பிள்ளையின் கல்வியும் சைக்கிளின் மீது நிமிர்ந்து உட்காரும் கௌரவமும் ஒரே கோரிக்கைப் பத்திரத்தில் அருகருகே எழுதப்பட்டிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

இத்தகைய அனுபவத்திலிருந்து வந்த ஒரு சமுதாயம், "என் பிள்ளை கையில் உளி பிடிக்கக் கூடாது, பேனா பிடிக்க வேண்டும்" என்று உறுதி பூண்டதில் ஆச்சரியம் உண்டா? அந்த உறுதியை நான் வணங்குகிறேன். அந்த உறுதிதான் தோட்டத்துப் பிள்ளைகளை டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆக்கிற்று. 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, வார இறுதி வகுப்புகளில் அவ்வுறுதிக்கு ஒரு ஸ்தாபன வடிவம் கிடைத்தது; பல்கலைக்கழகக் கனவை ஏழை வீடுகளுக்குள் அது கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆனால், அவையோரே, இங்கே நாம் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். தோட்டத்து வேலை நம் முன்னோரை ஏன் தாழ்த்திற்று? கையால் செய்ததாலா? டாக்டரும் கையால்தான் அறுவை செய்கிறார். அந்த வேலைக்குச் சான்று இல்லை. அந்த வேலையில் ஏற்றம் இல்லை. முப்பது ஆண்டு மரம் சீவியவனும் நேற்று வந்தவனும் பெரட்டுக் களத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்தத் தோட்டத்தில் கற்ற திறமையை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் விலை பேச வழி இல்லை. நம்மைத் தாழ்த்தியவை இவைதாம். ஆகையால் ஒரு படிப்பைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதற்குச் சான்று உண்டா? இதற்கு மேலே படி உண்டா? இதை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் செல்லுமா? இந்தக் கேள்விகளைப் பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள். சமூகக் கல்லூரியிடமும் கேளுங்கள். தெருமுனையில் பெரிய பலகை மாட்டியிருக்கும் தனியார் கல்லூரியிடமும் கேளுங்கள்.

சான்று என்றால் என்ன, அது இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு, நான் நேரில் கண்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இந்தக் காப்பார்ச் சாலைப் பக்கத்துப் பையன். பதினாறு வயதிலிருந்தே, பள்ளி விடுமுறை தோறும் சித்தப்பாவோடு வயரிங் வேலைக்குப் போய்ப் பழகியவன். ஒரு நாள் ஒரு வீட்டில் மழை பெய்தாலே மின்சாரம் விழுந்துவிடுகிறது என்றார்கள். நானும் அங்கே இருந்தேன். அவன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தான், எல்லா எம்.சி.பி. சுவிட்சையும் கீழே இறக்கினான். பிரதானச் சுவிட்சை மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சற்று நிறுத்தி, மேலே தள்ளிக்கொண்டே வந்தான். ஐந்தாவதைத் தள்ளியதும் டப்பென்று எல்லாம் விழுந்தது. "பின்கட்டு வெளிச்சுவர் பாயிண்ட், ஐயா, தண்ணி இறங்குது" என்றான். போய்ப் பார்த்தால், அப்படியே இருந்தது. இது வித்தையா இல்லையா? சந்தேகமில்லாமல் வித்தைதான்.

ஆனால் அதே பையன் ஒரு புது வீட்டுக்கு முழு வயரிங்கும் செய்து முடித்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? மின்சார இணைப்புப் பெறுவதற்கு, வேலை விதிப்படி முடிந்தது, சோதிக்கப்பட்டது என்று ஒரு பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அதில் கையொப்பமிட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனுக்கு மட்டுமே உரிமை. பையனுக்கும் அது இல்லை; இருபது ஆண்டு வேலை செய்த சித்தப்பாவுக்கும் இல்லை. வேறொருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார், அரைமணி நேரம் சுற்றிப் பார்த்தார், கையொப்பமிட்டார், இவர்கள் சிரமத்துக்குக் கிடைத்த கூலியில் ஒரு கணிசமான பங்கை வாங்கிக்கொண்டு போனார். அவர்மேல் குற்றமில்லை, அவர் சான்று பெற்றவர், பொறுப்பும் அவருடையது. ஆனால் பையன் அன்றிரவு தூங்கவில்லை. பிறகு சமூகக் கல்லூரியில் மின்சாரப் படிப்பில் சேர்ந்து, அதன்மேல் உரிய பயிற்சியும் ஆணையத்தின் தேர்வும் முடித்து, இன்று அவனே கையொப்பமிடுகிறான். சித்தப்பா செய்யும் வேலைக்கும் அவன்தான் கையொப்பமிடுகிறான். அவன் கையில் முன்பிருந்த வித்தைதான் இப்போதும் இருக்கிறது. கூடுதலாகக் கிடைத்தது அந்த உரிமை.

அடுத்தது படி. இந்தச் சான்றிதழோடு வாழ்க்கை நின்றுவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். சமூகக் கல்லூரிச் சான்றிதழை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்கள் போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. இங்கே நமக்குப் பக்கத்தில் ஷா ஆலாமில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் ஷா போலிடெக்னிக் 1997-இல் வந்தது. டிப்ளோமா முடித்தபின் பத்து பகாட்டில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்திலோ, மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ பட்டப் படிப்புக்கு வழி உண்டு. பதினெட்டு வயதில் "அங்கேயா" என்று கேட்கப்பட்ட பிள்ளை, இருபத்தைந்து வயதில் எஞ்சினியரிங் பட்டத்தோடு வீட்டுக்கு வர முடியும். நெடுவழிதான்; ஆனால் வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கையில் ஏதாவது ஒரு சான்று இருக்கும், நடுவில் குடும்பச் சூழ்நிலையால் நிறுத்த நேர்ந்தாலும் வெறுங்கையோடு நிற்கமாட்டான். பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவனுக்கு இந்தப் பாக்கியம் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதனால், எல்லாப் பிள்ளைகளும் சமூகக் கல்லூரிக்கே போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். புத்தகத்தை எடுத்தால் கீழே வைக்க மனமில்லாத பிள்ளை, தேர்வில் நல்ல தேர்ச்சியும் பெற்ற பிள்ளை ஆறாம் படிவத்துக்குப் போகட்டும். செலவு மிகக் குறைவு, எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு உலகமெங்கும் மதிப்பு உண்டு. மூன்று பருவங்களில் முடிந்துவிடும். கடினம் என்பார்கள்; கடினந்தான். நம் வீடுகளில் அதைப் பற்றி இருக்கும் அச்சம் தேவைக்கு மேற்பட்டது என்பது என் துணிபு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்தால் நல்லது. 10 ஏ வாங்கிய எல்லாருக்கும் இனவேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தது நம் சிறந்த மாணவர்களுக்கு ஆறுதல். இந்த இரண்டு வழிகளுக்கும் தகுதியுள்ள பிள்ளையை, சீக்கிரம் சம்பாதிக்கட்டும் என்னும் அவசரத்தால் தொழிற்படிப்பில் தள்ளுவது, தொழிற்படிப்புக்கு உரிய பிள்ளையைப் பட்டப்படிப்பில் திணிப்பதற்குச் சமமான தவறு.

தனியார் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுள் நல்லவை உண்டு. மிக நல்லவையும் உண்டு. ஆனால் எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில், வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட அறிமுகப் புத்தகத்தோடு வீடு தேடி வருகிறவர் எதைச் சொன்னாலும், கையெழுத்துப் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் இருக்க வேண்டும். அதற்கடுத்தது கடன். அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் 1997 முதல் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் கடன் கடன்தான். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தோட்டத் தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளியாகச் சேமித்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். அப்படிச் சேமித்தவர்களின் பேரப்பிள்ளைகள், சந்தையில் மதிப்பில்லாத ஒரு டிப்ளோமாவுக்காகப் பல்லாயிரம் ரிங்கிட் கடனாளியாகி, கடைசியில் வேறு வேலைக்குப் போய் அந்தக் கடனைக் கட்டுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இனி, எல்லாவற்றிலும் பெரிய போட்டியாளருக்கு வருகிறேன். சமூகக் கல்லூரிக்குப் போட்டி பல்கலைக்கழகம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. கிள்ளான் வட்டாரத்தில் அதற்குப் போட்டி தொழிற்சாலை வாசல். இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மேருவில் கையுறைத் தொழிற்சாலை இருக்கிறது. துறைமுகத்தில் கிடங்கு இருக்கிறது. சாலையோரமெல்லாம் லாரிக் கம்பெனி இருக்கிறது. ஓவர்டைம் செய்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும். பதினெட்டு வயதுப் பையன் முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கிக் கொடுக்கிறான். அடுத்த சில மாதங்களில் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுகிறான். "இரண்டு வருஷம் படித்தாலும் முதலில் இதே சம்பளந்தானே கிடைக்கும்?" என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆம், தம்பி, சான்றிதழோடு போனாலும் ஆரம்பச் சம்பளம் பிரமாதமாக இராது. வித்தியாசம் ஆரம்பத்தில் தெரியாது. முப்பது வயதில் தெரியும். காப்பார் மின்நிலையத்தை எடுத்துக்கொள்: பல கட்டங்களாகக் கட்டி 2,420 மெகாவாட் ஆற்றலுக்கு உயர்ந்த நிலையம் அது. நீ பிறந்ததிலிருந்து அதன் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அத்தகைய ஒரு நிலையத்தில் வாசலைக் கூட்டுகிறவரும் இருக்கிறார், வால்வைப் பழுதுபார்க்கும் ஃபிட்டரும் இருக்கிறார், உயர் அழுத்த மின்சாரத்துக்குப் பொறுப்பேற்கும் சார்ஜ்மேனும் இருக்கிறார். கூட்டுகிறவரின் உழைப்பு மற்ற இருவரின் உழைப்புக்குக் குறைந்ததன்று. ஆனால் சம்பளம் உயர்வதும், வேலை போனால் வேறிடம் கிடைப்பதும், ஆலோசனை கேட்டு நாலு பேர் வருவதும் யாருக்கு என்பதை நீயே விசாரித்துப் பார்.

வீட்டு நிலைமை இடங்கொடாமல் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலையிலுள்ள பிள்ளைகளும் இம்மண்டபத்தில் இருக்கக்கூடும். அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பல ஆண்டு அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று திறன் மேம்பாட்டுத் துறையில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சட்டம் அந்தத் திறன் சான்றிதழ்களுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காம் ஐந்தாம் நிலைகள் டிப்ளோமா. முதலாளியிடம் வேலை பார்க்கும்போதே, என்னென்ன இயந்திரத்தில் என்னென்ன செய்தோம் என்று தேதியோடு குறித்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பிட வருகிறவர் அதைத்தான் கேட்பார்.

இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவனைப் பற்றிப் பேசவே நமக்கு நா எழுவதில்லை. மலாய்மொழியிலோ சரித்திரப் பாடத்திலோ தவறியதால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காத பிள்ளை. 2013 முதல் சரித்திரத்திலும் தேர்ச்சி கட்டாயமாகிவிட்டது. மற்றப் பாடங்களில் தேறியும் அந்த ஒன்றில் தடுக்கி விழுந்து, அதோடு அறைக்குள் முடங்கிவிடுகிறான். அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத வாய்ப்பு உண்டு என்பதை அவனிடம் யாராவது சொல்கிறோமா? பத்து ஏ வாங்கியவனுக்கு மாலை போட வரும் சங்கத்தார், வருஷத்தில் மூன்று மாதம், வாரம் இரண்டு மாலை, இவனை உட்காரவைத்துச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தால் எத்தனை பெரிய புண்ணியம்! ஷா ஆலாமில் கிறிஸ்துவ சகோதரர்கள் 1959-இல் தொடங்கிய மோன்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், ஏழைப் பையன்களையும் பள்ளியில் பின்தங்கியவர்களையும் தேடி எடுத்து, தங்கவைத்து, தொழில் கற்றுக்கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே மனிதரானார்கள். பிறர் நம் பிள்ளைக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைக்குச் செய்ய வேண்டாமா?

தாய்மார்களே, பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையன் பட்டறைக்குப் போவதை ஏற்றுக்கொள்கிற வீடுகூடப் பெண் என்றதும் தயங்குகிறது. விடுதி எப்படி, வழி எப்படி, இரவு பஸ் உண்டா என்று கேட்பது உங்கள் கடமை. கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். கேட்காமலே வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். அவள் சமையற்கலைதான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. மின்சாரமும் கணினியும் அவளுக்கும் வரும். இன்னொரு விஷயம், உங்களுக்கே உரியது. சமூகக் கல்லூரிகளில் ஓரிரு நாளில் முடிகிற குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கின்றன. கேக் செய்வது, தைப்பது, சிறு வியாபாரக் கணக்கு எழுதுவது போன்றவை. வயது வரம்பு பார்க்காமல், தேர்வு முடிவு கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலில் அம்மா ஒரு நாள் அங்கே போய்ப் படித்துவிட்டு வந்தால், "அங்கேயா" என்னும் சொல் அந்த வீட்டில் தானாகவே மறைந்துபோகும்.

தேர்ந்தெடுக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. நண்பன் போகிறான் என்பதற்காக ஒரு துறையை எழுதாதீர்கள். எது காலியாக இருக்கிறதோ அது என்று எழுதாதீர்கள். விண்ணப்பம் உயர்கல்விச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. இணையத்தளத்தின் வழியாகத்தான் போகிறது. அங்கே தெரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையைச் சைபர் கபேயில் இருக்கிற யாரோ ஒருவர் நிரப்பிவிட, பிள்ளை கேள்விப்பட்டிராத ஒரு துறை, பார்த்திராத ஓர் ஊரில் கிடைத்து, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று மூன்றாம் மாதம் திரும்பி வந்த கதைகளை இங்கிருக்கும் ஆசிரியர்கள் சொல்வார்கள். முன்கூட்டியே கல்லூரிக்கு நேரில் போய்ப் பாருங்கள். பட்டறையில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, துணி போர்த்தி நிற்கின்றனவா என்று பாருங்கள். கடைசிப் பருவ மாணவன் ஒருவனைத் தனியே அழைத்து, "பயிற்சிக்கு எங்கே போகிறாய்?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் அந்தக் கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.

அந்தப் பயிற்சியை முன்னிட்டுத்தான், இங்கே அமர்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். தொழிலகப் பயிற்சிக்கு இடம் தேடும் பிள்ளைக்குச் சிபாரிசு இல்லாவிட்டால் என்ன ஆகிறது? ஏதோ ஓர் அலுவலகத்தில் மூலையில் உட்கார்ந்து காகிதங்களை நகலெடுத்துவிட்டு, பயிற்சி முடிந்தது என்று முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறது. காப்பாரிலும் மேருவிலும் கிள்ளானிலும் வாகனப் பட்டறை நடத்துகிறவர்கள், குளிர்சாதனக் கடை வைத்திருப்பவர்கள், அச்சகத்தார், தையற்கடையார், உணவகத்தார், மின்சாரக் காண்ட்ராக்டர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உதவித்தொகை வேண்டாம். சாப்பாட்டுக்கும் எண்ணெய்க்கும் கொடுங்கள். தேநீர் வாங்கிவரும் ஆளாக வைத்துக்கொள்ளாமல், உங்கள் வித்தையைக் காட்டிக்கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்தக் கைநுட்பம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் மூவர் மேடைக்கு இடப்புறம் மடிக்கணினியோடு அமர்ந்திருப்பார்கள். அடையாள அட்டையும் தேர்வு முடிவுச் சீட்டும் கொண்டுவந்த மாணவர்கள் பெற்றோரோடு போய் உட்காருங்கள்; எந்தெந்தத் துறைக்குத் தகுதி இருக்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். சீட்டுக் கொண்டுவராதவர்கள் நாளை மாலை வரலாம். பயிற்சிக்கு இடம் தர விரும்பும் முதலாளிமார்கள் கடையின் பெயரையும், எத்தனை பேரை எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் அதே மேசையில் எழுதிக்கொடுங்கள்.